ஸ்பிரிட் கலக்காத அத்தர்

ஏரல் கடைத்தெருவில் காஜா முகைதீனின் அத்தர் கடை ஓர் ஆள் உட்காரும் அகலம்தான். சரக்கு வைக்க அங்கே இடமில்லை. கேன்களெல்லாம் வீட்டுப் படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில் இருந்தன. கேனிலிருந்து சின்னக் குப்பிகளில் ஊற்றுவது அவன் மனைவி தஸ்லிமாவின் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள்தான் ஊற்றினாள். மூச்சிழுப்பும் அவளுக்குத்தான்.

முதலில் தூசிக்கு இழுத்தது. பிறகு தாளிக்கிற நெடிக்கு. பிறகு யாரோ பூசிவந்த பவுடருக்கும். கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்தால் வாசலுக்கு ஓடிவிடுவாள்.

"பாத்திரம் கழுவச் சொன்னா இழுக்கும். பிரியாணிக்கு உக்காந்தா இழுக்காது," என்று மாமியார் ஆபிதா பீவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். தஸ்லிமா பதில் பேசியதில்லை. மூச்சிழுப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு இழுப்பாள். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுவாள்.

அத்தரைக் குறை சொல்லக் கூடாது. "ஏளா, ஸ்பிரிட் கலந்த சென்ட்டுதான் நெஞ்ச அடைக்கும். இது சுத்தமான அத்தர். பள்ளிவாசலுக்குப் பூசிட்டுப் போற சாமான் கெடுதல் செய்யுமா?" என்பான் காஜா. பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினான். அவளும் நம்பினாள்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஃபர்ஹத்துக்கும் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. விலா எலும்பு தெரியப் பிள்ளை மூச்சு வாங்கியபோது ஆபிதா பீவி சொன்னாள்: "உம்மாவப் பாத்துப் படிச்சிட்டா. நடிக்கா."

தனக்கென்றால் தஸ்லிமா அந்தப் பேச்சை விழுங்கியிருப்பாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

நெஞ்சக மருத்துவர் கரோலின் பிள்ளைக்கு மருந்துப் புகை வைத்துவிட்டுப் பேசினார். "மூச்சுக்குழாயச் சுத்தித் தசை இருக்கும்மா. நெடி பட்டுப் பட்டுக் குழாய் புண்ணாகும்போது, நரம்ப வளக்குத ஒரு பொருள் அங்க கூடுதலாச் சுரக்கு. பிள்ள வளரவும் அது வேணும். ஆனா அளவு மீறுனா குழாய்ல உள்ள நரம்பு ரொம்ப உசாராயிரும். பெறகு லேசா வாசம் பட்டாலே தசை இறுகிரும். இன்னும் ஆராய்ச்சி நடக்கு. இவ்வளவு தெரியும்."

"அப்ப நடிப்பு இல்ல."

"தசை இறுகுதத யாரும்மா நடிக்க முடியும்? பிள்ள எங்க படுக்கா?"

"அத்தர் கேன் பக்கத்துல." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "அதுல ஸ்பிரிட் கெடையாது டாக்டர்."

"நரம்புக்கு அதெல்லாம் தெரியாது. நெடிதான் தெரியும். பிள்ள நல்லா இருந்தாலும் தடுப்புப் பம்ப தினமும் குடுங்க. உங்க நெஞ்சுலயும் விசில் கேக்கு, நீங்களும் இழுங்க."

திரும்பும் வழியெல்லாம் தஸ்லிமாவுக்கு உடம்பு கொதித்தது. மாமியார்மேல், புருஷன்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல். தரை குளிர்ச்சியாக இருக்கிறதென்று கேன் ஓரமாகப் பாய் விரித்தது அவள்தானே.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, லோடு ஆட்டோ மகாராஜனைக் கூப்பிட்டுக் கேன்களை ஏற்றினாள்.

"எங்க தூக்குத?" என்றாள் ஆபிதா பீவி.

"உங்க மவன் கடைக்கு."

"அங்கன ஏது எடம்?"

"என் பிள்ள நெஞ்சுலயும் எடம் இல்ல, மாமி."

கடையில் காஜா உள்ளே உட்கார்ந்திருக்க, வாசலில் கேன்மேல் கேனாக அடுக்கினாள். மகாராஜன் கடைசிக் கேனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, இனி நீங்களும் சரக்குதான் வே."

"ஏளா, என்ன கூத்து இது? ஆளுக பாக்காங்க."

தூக்கிய இளைப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பையிலிருந்து பம்பை எடுத்துக் குலுக்கி, கடைத்தெரு முழுக்கப் பார்க்க இழுத்து, மூச்சைப் பிடித்து நின்றாள். காஜா கேன்களுக்கு மேலாகத் தலையை நீட்டி அவளையே பார்த்தான். அவள் பம்பு இழுத்து அவன் பார்த்ததேயில்லை.

"பாக்கட்டும்," என்றாள் பிறகு. "இனி இங்கன இருந்து நீங்களே ஊத்துங்க. சட்டைய மாத்திட்டுத்தான் வீட்டுக்கு வரணும்."

"சட்டையவா?"

அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். படுக்கையறைத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும்.