ஏகநாதனை எந்த நோட்டில் எழுதுவது

கீழ்க்கட்டளை கங்கையம்மன் பதினோரு வருடம் அஞ்சம்மாளின் வாயால்தான் பேசினாள். ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் உடுக்கைச் சத்தம் ஏறியதும் அஞ்சம்மாளுக்கு இடது கால் பெருவிரல் நடுங்கும். பிறகு கொண்டை அவிழும். பிறகு அவள் இருக்க மாட்டாள், அம்மன் இருப்பாள். காணாமல் போன எருமை எந்தத் திசையில், மேடவாக்கத்து வரன் தேறுமா, ஏரிக்கரை மனையை இப்போதே விற்கலாமா என்று தெரு கேட்கும். அம்மன் சொல்லுவாள். எல்லாம் முடிந்ததும் அஞ்சம்மாளைச் சுவரோரம் சாய்த்து மோர் கொடுப்பார்கள்.

"இன்னா சொன்னேன்?" என்று அவள் கேட்பாள்.

பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரிதான் விவரம் சொல்லுவாள். ஆட்டத்தின்போது அஞ்சம்மாளைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு அவளுடையது.

ஆக, தெய்வம் பேசியதைத் தன் காதால் கேட்காத ஒரே ஆள் அந்தத் தெருவில் அஞ்சம்மாள். இந்தக் குறைபாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் எடுத்துக்கொள்ளவில்லை, 1981இல் ஏகநாதன் போகும் வரைக்கும்.

ஏகநாதன் அவள் புருஷன். பல்லாவரத்து லாரி செட்டில் கிளீனர். நெல்லூர்ப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு புதன்கிழமை போன லாரி சனிக்கிழமை திரும்பியது, அவன் திரும்பவில்லை. லாரி பத்திரமாக வந்துவிட்டதால் முதலாளிக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. "வழில டீ குடிக்க எறங்கினான்" என்றார் டிரைவர். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்ததைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

அந்த ஆடியில் அஞ்சம்மாள், சாமுண்டீஸ்வரியிடம் சொல்லிவைத்து, தன் கேள்வியை அம்மனிடம் கேட்கச் செய்தாள். மோர்ச் சொம்பை வாங்கியதும் முதல் பேச்சு அதுதான்.

"இன்னா சொல்லிச்சு?"

"வருவான்னு சொல்லிச்சு. குடி மொதல்ல."

அடுத்த ஆடியிலும் வருவான். அதற்கடுத்த ஆடியிலும் வருவான். எருமை விஷயத்தில் திசை, மரம், கயிற்றின் நிறம் வரை சொன்ன தெய்வம் இந்த வழக்கில் மட்டும் ஒரே வார்த்தையில் நின்றது. அஞ்சம்மாளுக்கு மெல்ல ஒரு சந்தேகம் புகுந்தது. வாய் அவளுடையது, ஆசையும் அவளுடையது. தானே தனக்குச் சொல்லிக்கொள்கிறோமோ? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தன் வாயே தெரியவில்லை.

தாம்பரத்தில் ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயா வேலை கிடைத்தது இந்தச் சமயத்தில்தான். அங்கே தையல் சொல்லிக்கொடுத்த மெட்டில்டா சிஸ்டர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "நம்ம ஆண்டவர் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாப் பேசுவார், அஞ்சம்மா."

சிஸ்டர்கள் வழக்கமாகச் சொல்வதைத்தான் சிஸ்டர் சொன்னார். அஞ்சம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நேராவா சிஸ்டர்? நடுவுல ஆள் இல்லாம?"

"நேராத்தான்."

"நான் முழிச்சிகினு இருக்கும்போதேவா?"

"முழிச்சிருக்கும்போதுதாம்மா பேசுவார். இதென்ன கேள்வி?"

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காகக் கிறிஸ்தவர்களாகியிருக்கிறார்கள். முழித்துக்கொண்டிருக்கலாம் என்பதற்காக ஆனவள் அஞ்சம்மாளாகத்தான் இருக்க வேண்டும். 1988 ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி ஞானஸ்நானம் ஆயிற்று. மார்த்தா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் அமையவில்லை.

தெரு அவள் கதவைத் தட்டுவது நின்றது. அம்மனும் காலியிடத்தை நீண்ட நாள் வைத்திருக்கவில்லை; கோவிலம்பாக்கத்திலிருந்து வாழ வந்த ஒரு மருமகளை அந்த ஆடியிலேயே நியமித்துக்கொண்டாள். சாமுண்டீஸ்வரி தண்ணீர்க் குழாயடியில் ஒருமுறை மட்டும் பேசினாள். "பதினோரு வருசம் உன்ன தாங்கிப் புடிச்ச கையிடீ இது. ஒரு வார்த்த சொல்ட்டு போனியா?" அதற்குப் பிறகு அவள் குடத்தை வைக்கும் நேரத்தையே மாற்றிக்கொண்டாள்.

மாதா கோயிலிலும் அஞ்சம்மாளின் பழைய உத்தியோகம் எப்படியோ தெரிந்துபோயிருந்தது. பூசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு கை அகலத்துக்குப் பாய் காலியாகக் கிடக்கும். வெறுப்பு என்று சொல்ல முடியாது. ஆடிவிட்டால் கை கால் படுமே என்கிற முன்ஜாக்கிரதை.

அவள் கேள்வி அப்படியே இருந்தது. ஏகநாதன் இருக்கிறானா, இல்லையா? அதற்கு அவசரமும் வந்து சேர்ந்தது. நவம்பர் இரண்டாம் தேதிக் கல்லறைத் திருநாளுக்கு முன்னால், சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் சவரிராயன் கோயில் வாசலில் மேசை போட்டு உட்காருவார். மேசையில் இரண்டு நோட்டு. சிவப்பு அட்டை உயிரோடு இருப்பவர்களுக்கு. நீல அட்டை மரித்தவர்களுக்கு. பெயர் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். முதல் வருடம் அஞ்சம்மாளும் வரிசையில் நின்றாள்.

"பேரு?"

"ஏகநாதன்."

"உயிரோட இருக்காரா, மரிச்சவரா?"

"தெரியாதுங்க."

சவரிராயன் இரண்டு நோட்டையும் பார்த்தார். "தெரியாதுக்கு நோட்டு இல்லியேம்மா."

"கேட்டுட்டு வந்து சொல்றங்க."

"யாரைக் கேப்பீங்க?"

அவள் பீடத்துப் பக்கம் கையைக் காட்டினாள். சவரிராயன் அனுபவஸ்தர். "முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள சொல்லிடச் சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் கான்வென்ட் சேப்பலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். "நாம பேசறதை நிறுத்தணும் அஞ்சம்மா. அப்பத்தான் அவர் பேசறது கேக்கும்" என்று சிஸ்டர் வழி சொல்லியிருந்தார். அவள் பேசுவதை நிறுத்துவதில் சிரமம் இல்லை. அவளோடு பேசத்தான் யாரும் இல்லையே. வெள்ளிக்கிழமைதோறும் சிஸ்டர் விசாரிப்பார்.

"ஏதாவது கேட்டுதா?"

"பிளேன் கேட்டுது சிஸ்டர்." விமானப்படை ஸ்டேஷனில் பிளேன் ஓட்டப் பழகுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் சுற்றுவார்கள்.

"அதுக்கு அப்புறம்?"

"இன்னொரு பிளேன்."

மின்சார ரயில் கேட்டது. சேப்பல் மின்விசிறியின் மூன்றாவது இறக்கை கேட்டது. சமையற்கட்டில் சாம்பாருக்காக நடந்த சண்டை இரு தரப்பு வாதத்தோடும் கேட்டது. ஆண்டவர் மட்டும் கேட்கவில்லை. அக்டோபர் முப்பத்தொன்று வந்தது, போனது. அடுத்த வருடமும் வந்தது, போனது.

சிஸ்டருக்கே பரிதாபமாகிவிட்டது. குரோம்பேட்டையில் பந்தல் போட்டு நடந்த ஜெபக் கூட்டத்துக்கு அவளை அழைத்துப்போனார். கைதட்டல், அல்லேலூயா, டிரம். டிரம் ஏற ஏறச் சனம் ஆடியது, அழுதது, புடவை விலக விழுந்தது. அஞ்சம்மாளுக்கு இடது கால் பெருவிரல் நடுங்க ஆரம்பித்தது.

இரண்டு கையாலும் பந்தல் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். மறுபடியும் தான் இல்லாமல் போவதற்கா இவ்வளவு தூரம் வந்தது? உதட்டைக் கடித்தாள், பெருவிரலை மற்றக் காலால் மிதித்தாள், பந்தலில் எத்தனை ட்யூப்லைட் என்று பார்த்தாள். அந்த நிலையிலும் தொழில் தெரிந்த கண் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் வரிசை அம்மாள் ஒருத்தி கையை ஊன்றிக்கொண்டு பதமாக விழுந்ததைப் பார்த்து, "அதுக்கு சாமி வர்ல" என்று முணுமுணுத்தாள்.

திரும்பும் வேனில் எல்லோரும் ஆவியின் அபிஷேகம் பெற்ற களையோடு வந்தார்கள். அஞ்சம்மாள் மட்டும் உள்ளங்கையில் கம்பத்துச் சிராய்ப்போடு வந்தாள். "அடுத்த தடவை கிடைக்கும்" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

1991 அக்டோபர் கடைசியில், ஒரு புதன்கிழமை, அவள் சேப்பலில் இருந்தபோது வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. சாமுண்டீஸ்வரி. பாதி உடம்பாகியிருந்தாள். நேரே வந்து, கை அகலம் ஒன்றும் விடாமல், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். மூன்றரை வருடத்தில் அஞ்சம்மாளை அப்படி யாரும் இடித்ததில்லை.

"நாளான்னிக்கி பெரியாஸ்பத்திரில எனக்கு ஆப்ரேசன். வயித்துல கட்டி" என்றாள் சாமுண்டீஸ்வரி. "இன்னாத்துக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அம்மன் சொன்னத மாத்திச் சொன்னேன்ல, அதான்."

"இன்னாத்த மாத்துன?"

"கத்தாத. உங்க கோயிலு இது." குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கி அம்மன் வருவான்னு சொல்லல. 'இன்னோரு வூட்ல சோறு துன்னுகினு கீறான், தேடாத'ன்னு சொல்லிச்சு. மூணு வருசமும் அதேதான். தெருவே கேட்டுகினு நின்னுச்சு."

"தெருவேவா?"

"கொயந்த குட்டிங்கோ மொதக்கொண்டு. நாந்தான் மாத்துனேன். மோர் சொம்ப கைல வெச்சிகினு என் மூஞ்சியவே பாத்த. அந்த மூஞ்சிக்கு இன்னாத்தடீ சொல்லுவேன்?"

ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் ஒன்பது வீட்டுக்குத் தெரிந்துவிடும் தெரு அது. அது பத்து வருடம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

"அம்மன் சொன்னது மெய்யா?"

"போன வருசம் நம்ம முனிரத்தினம் நாயுடுபேட்டைல நேர்ல பாத்துட்டு வந்தான். சைக்கிள் கடை வெச்சிகீறானாம். ரெண்டு பொண்ணாம்."

அஞ்சம்மாள் கால் பெருவிரலைப் பார்த்தாள். அது அசையாமல் இருந்தது. அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது, ரெண்டு பொண்ணு என்பது உட்பட. இப்படிக் கேட்பதற்காகத்தான் தெருவின் உறவை விட்டு, அம்மனை விட்டு வந்தாள், கேட்டாயிற்று.

"ஆப்ரேசன் எத்தினி மணிக்கி?" என்று கேட்டாள்.

சாமுண்டீஸ்வரி அழுதுவிட்டுப் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஆண்டவர் அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் சாவு வீட்டில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் பேசுவதில்லை, பேசினால்தான் தப்பு. சேப்பல் அன்று அப்படி இருந்தது. பிளேன் ஓய்ந்து விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை, முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை வரை பொறுக்காமல் சிஸ்டரிடம் அவளே போய்ச் சொன்னாள்: "கேட்டுது சிஸ்டர்."

மெட்டில்டா சிஸ்டர் ஊசியை நிறுத்தினார். "ஆண்டவரா?"

"சாமுண்டி. அவரு பேசல. கூட குந்திகினு இருந்தாரு."

முப்பது வருடமாகத் தினமும் அதே சேப்பலில் உட்காருகிறவர் சிஸ்டர். அதற்கு மேல் விசாரிக்கவில்லை. அன்று தையல் வகுப்பில் இரண்டு தரம் விரலில் குத்திக்கொண்டார்.

சாயங்காலம் சவரிராயன் மேசையை எடுத்து வைக்கும் நேரத்துக்கு அஞ்சம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

"ஏகநாதன். செவப்பு நோட்ல எழுதுங்க."

"அட! தகவல் வந்துருச்சா?" சவரிராயனுக்கு மெய்யான சந்தோஷம். "சீக்கிரம் வீடு திரும்பணும்னு எழுதிடவா?"

அவள் குனிந்து பேனாவுக்குக் குறுக்கே விரலை வைத்தாள்.

"வேணாங்க. அவரும் குடும்பமும் சொகமா இருக்கணும்னு எழுதுங்க."

"குடும்பம்னா நீங்கதானேம்மா?"

"இல்லீங்க."

சவரிராயனின் நாற்பது வருட ஊழியத்தில் அடுத்த கேள்வி கேட்காமல் எழுதிய பெயர் அது ஒன்றுதான். அதற்குக் கீழே சாமுண்டீஸ்வரி, ஆபரேஷன் என்று எழுதச் சொன்னாள். எழுதினார்.

"நீல நோட்டுல யாரும் இல்லியாம்மா? நாளன்னிக்கித் திருநாள், எல்லாரும் குடுத்துட்டாங்க."

அஞ்சம்மாள் யோசித்துப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள். "எல்லாரும் உயிரோடதான் கீறாங்க. பேசறதில்ல, அவ்ளோதான்."