கில்டரில் நின்ற மாதா

எண்பதுகளின் நடுவில் அக்கா டென்மார்க்கில் என்னிடம் வந்து இறங்கியபோது அவளிடம் இருந்தது ஒரு தோள்பையும், கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கிய ஒரு வெள்ளிப் பதக்கமும்தான். தேய்ந்துபோன ஒரு பெண் அதில் நிற்பாள். ஒரு கை புத்தகத்தின்மேல், மறுகையில் நீண்ட கோல். மன்னாரில் அக்காவின் புருசன், எங்கள் அத்தானின் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள்தான் மாதா.

அத்தானை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடமாகியிருந்தது. ஒரு சேதியும் இல்லை. ரண்டர்ஸ் நகரில் எங்கள் இரண்டறை வீட்டில் அக்கா டேனிஷ் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பதக்கத்தை உதட்டில் வைத்து முத்தி செய்துகொண்டே இருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாவம் மாதா, உங்களாலதான் தேஞ்சு போறா" என்று நக்கலடிப்பேன். அத்தான் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அதை முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல் பதக்கத்தின்மேல் பாய்ந்தேன்.

ஒருநாள் நூல் அறுந்துவிட்டது. புது நூலில் கோத்து, ஞாயிறு பூசை முடிய, மந்திரித்துத் தரும்படி சுவாமியாரிடம் கொண்டுபோனோம். அவர் ஒல்லாந்துக்காரர், நெதர்லாந்திலிருந்து வந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். இது மாதா இல்லை, கில்டர், தங்கள் நாட்டுப் பழைய வெள்ளிக் காசு. நிற்பவள் பெண்ணுருவில் வரைந்த அந்த நாடு. கை ஊன்றியிருப்பது வேதாகமத்தில். கோலின் நுனியில் தெரியும் தொப்பி விடுதலைக்கு அடையாளம். நூறு வருடத்துக்கு மேல் அவள் காசில் நின்றாளாம். பிறகு அரசர்கள் வந்து அவளை இறக்கிவிட்டுத் தங்கள் தலையைப் போட்டுக்கொண்டார்களாம். சட்டைப்பையிலிருந்து ராணியின் முகம் போட்ட புதுக் கில்டர் ஒன்றையும் எடுத்துக் காட்டினார்.

எனக்குள் ஒரு கொடிய சந்தோசம். முன்னொரு காலம் இலங்கையை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் கோயில்களைப் பறித்துச் சுவாமிமாரைத் துரத்தியபோது, மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்கு ஓடிய சனத்தின் வழிவந்தவர் அத்தான். துரத்தியவனின் காசையா இத்தனை காலம் முத்தி செய்தார்கள்!

"அக்கா, இது மாதா இல்லையாம். ஒல்லாந்தன்ர காசாம். எங்கட சனத்தைக் காட்டுக்குக் கலைச்சவங்கட காசு. இதையோ கும்பிட்டுக்கொண்டு திரியிறியள்?"

அக்கா சுவாமியாரின் கையிலிருந்த காசைத் தொட்டாள்.

"மாதாவோ காசோ, எனக்கென்னடா தெரியும்? ஜீப்பில ஏத்தேக்க அவர் தன்ர கழுத்தால கழட்டி என்ர கையில வைச்சவர். ஒரு வார்த்தை கதைக்க விடேல்லை. இதை மட்டும்தான் தந்தவர்."

இது எனக்குத் தெரியாது. நான் அதற்கு முன்னமே இங்கே வந்துவிட்டவன். ஒரே வீட்டில் இருந்தும், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் என்ன சொன்னாள் என்று சுவாமியார் கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. காசின் விளிம்பில் ஓடிய லத்தீன் எழுத்துகளை விரலால் தடவி வாசித்தார். 'இதைக் காக்கிறோம், இதில் சாய்ந்து நிற்கிறோம்' என்று அர்த்தமாம். அக்காவுக்குச் சொன்னேன். அவள் ஓம் என்று தலையாட்டினாள். காசு என்று தெரிந்தும் சுவாமியார் கையை உயர்த்தி அதை மந்திரித்தார்.

கில்டர் ஒழிந்து யூரோ வந்த செய்தியைப் பல வருடங்களுக்குப் பிறகு நான்தான் அக்காவிடம் கொண்டுபோனேன். அத்தான் அதுவரை வரவில்லை.

"இதுவும் இனிச் செல்லாது எண்டு சொல்லவோ வந்தனி?" என்றாள்.

"இல்லையக்கா. ஒருக்காத் தாங்கோ."

கழற்றித் தந்தாள். அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது. முதல்முறையாக நானும் முத்தி செய்தேன்.