மூத்தவளின் வயது

அந்தத் தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றபோது, நான் முதலில் சந்தேகப்பட்டது அவளைத்தான். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வது நியாயமாக இருக்காது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தேன். லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்கு நான் நர்சம்மா. அன்றைக்குப் பகல் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு நேராக என்னிடம் வந்திருந்தாள் அவள்.

"கண்டாக்கு ஐயா எம் புள்ளயக் கெடுத்துட்டாரு, நர்சம்மா."

கண்டாக்கு என்றால் மலையில் வேலையை மேற்பார்வையிடும் உத்தியோகத்தர். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடியாக எல்லோரும் பயந்த ஆள். இவளோ போன மாதம்தான் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் அவரோடு வாய்ச்சண்டை போட்டவள். அந்தக் கோபத்தில் பிள்ளையைச் சொல்லவைத்திருக்கிறாளோ என்று நினைத்தேன்.

பிள்ளையைத் தனியாக உள்ளே கூட்டிப்போய்க் கேட்டேன். "எப்ப நடந்துச்சு?"

"போன கெழமைக்கு முந்துன கெழம."

"அன்னைக்கே ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அவள் வாசலைப் பார்த்தாள். வாசலில் நின்ற தாய்க்குக் கேட்டுவிட்டது. "நீங்களுமா, நர்சம்மா?" என்றாள்.

பிறகு பிள்ளையைப் பரிசோதித்தேன். கண்டதை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கப்புறம் அந்தத் தாயைச் சந்தேகிக்க எனக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

பிள்ளைக்குத் தோட்டத்தில் பேர் பதிந்தது புல்லு வெட்டும் வேலைக்கு. அனுப்பியது கண்டாக்கு வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. கண்டாக்கின் மனைவி டவுனுக்குப் போயிருந்த ஒரு நாளில்தான் அது நடந்திருக்கிறது.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். பெரியாஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, நாள் கடந்துபோனதால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தார். தோட்டத்தில் ஆளுக்கொரு கதை பேசினார்கள். தொழிற்சங்கக்காரர்கள் தூண்டிவிட்டார்கள் என்றது ஒரு கதை. எனக்கும் கண்டாக்குக்கும் ஏதோ மனஸ்தாபம் என்றது இன்னொன்று. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுபோகும். கண்டாக்கின் மனைவி மட்டும் ஒருநாள் என் வீடு தேடி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க."

"அப்ப எப்புடிச் சொல்றீங்க?" என்றாள். ஆனால் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று அன்றே நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விசாரணைக்கு டவுன் கோர்ட்டுக்குப் போனபோது, சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் முதலியார் என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். "புள்ளைக்கு என்ன வயசும்மா?"

"பதினொண்ணு."

"நெசமாவா? பன்னெண்டுக்குக் கீழன்னா, அது இணங்குச்சா இல்லையான்னு சட்டம் கேக்காது. பன்னெண்டு தாண்டிட்டா, பெரிய பொம்பளைகிட்ட கேக்குற எல்லாத்தையும் அதுகிட்டயும் கேப்பாங்க. புள்ள சொல்றத மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத மாட்டாங்க. வேற சாட்சி கேப்பாங்க."

வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய சட்டம் அது. சுதந்திரம் வந்த பிறகும் அப்படியே இருந்தது. அந்தப் பன்னிரண்டைப் பதினாறாக மாற்றியபோது எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

நான் தைரியமாகத்தான் இருந்தேன். அந்தப் பிள்ளையை என் கையால் எடுத்தவள் நான். ஆனால் கண்டாக்குக்காக வாதாடிய வக்கீல், பிரக்கிராசி, எழுந்து பிறப்புச் சான்றிதழ் ஒன்றை நீதவானிடம் நீட்டினார். அதில் பிள்ளைக்குப் பதினான்கு வயது.

தாயைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் அழுதுகொண்டே சொன்னாள். "அது மூத்தவளோடது, நர்சம்மா. அவ ரெண்டு வயசுல செத்துப்போனாளே, அவளோடது. இவளுக்கும் அவ பேரத்தான வச்சோம். இவளுக்குப் பதியவே இல்ல. வேலைக்கி வயசு பத்தாதுன்னாங்க. அதான் இவ அப்பா இருந்தப்ப அதக் கொண்டுபோய் ஒப்பீசுல காட்டிட்டாரு."

பிள்ளை வேலைக்குப் போன நாளிலேயே எனக்குத் தெரியும், அவளுக்கு அதற்கு வயதில்லை என்று. தெரிந்தும் பேசாமல்தான் இருந்தேன். பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள்.

என் பிரசவப் பதிவுப் புத்தகம் இருக்கிறது என்று சொன்னேன். நீதவான் தவணை கொடுத்தார். தோட்டத்து மருந்தகத்தில் போய்ப் பார்த்தால் அலுமாரியில் அவள் பிறந்ததற்கு முந்தின வருடத்துப் புத்தகம் இருந்தது, அடுத்த வருடத்ததும் இருந்தது, அந்த ஒரு வருடத்துப் புத்தகம் மட்டும் இல்லை. மருந்து கொடுப்பவர் என் முகத்தைப் பார்க்காமல், "கூரை ஒழுகி நனைஞ்சிருக்கும், யாராச்சும் எரிச்சிருப்பாங்க" என்றார். பக்கத்துப் புத்தகங்களில் ஒரு துளி ஈரக்கறை இல்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்த தவணையில் வெறும் வாயால் சாட்சி சொன்னேன்.

"அப்ப பொய்ச் சான்றிதழ் காட்டினது உங்களுக்குத் தெரியும்?" என்று பிரக்கிராசி கேட்டார்.

"வயசு பத்தாதுன்னு தெரியும்."

"அன்னைக்கு யாரிடமும் சொல்லலையே. இன்னைக்கு மட்டும் ஏன் சொல்றீங்க?"

பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினேன். நானும் அந்தப் பிள்ளையிடம் இதே போலத்தானே கேட்டேன்.

பிறகு பிள்ளையை ஏற்றினார்கள். கூண்டுக்கு வெளியே அவள் தலை மட்டும்தான் தெரிந்தது.

"நீ கத்துனியா?"

"இல்லீங்க."

"ஏன் கத்தல?"

அவள் முதலியாரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "இப்பத்தான் பாப்பாவத் தூங்க வச்சேன். கத்துனா முழிச்சுக்கும்."

முதலியார் அதை இங்கிலீசில் சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டார். அவர் அதை எந்தப் பக்கத்துக்குச் சாதகமாக எழுதினார் என்பது தீர்ப்பில் தெரிந்தது. வயது நிரூபிக்கப்படவில்லை, உடனே முறையிடவில்லை, கூச்சலிடவில்லை. பெரிய வழக்காக மேல் கோர்ட்டுக்குப் போக வேண்டியது, கைநீட்டி மானபங்கம் செய்ததாகச் சின்னக் குற்றமாகச் சுருங்கியது. கண்டாக்கு அபராதம் கட்டிவிட்டு, காத்திருந்த காரில் ஏறிப் போனார்.

அவருக்கு வேலை போகவில்லை. தலவாக்கலைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். கேள்விப்பட்ட வாரமே நான் பஸ் ஏறிப் போய் அந்தத் தோட்டத்து மருத்துவிச்சியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கோர்ட்டுல ஒண்ணும் நிரூபிக்கலன்னு சொன்னாங்களே?"

"நிரூபிக்கலதான். இருந்தாலும் அந்த வீட்டுக்குப் பொம்பளப் புள்ளைகள அனுப்ப விடாதீங்க."

தேத்தண்ணி கொடுத்தாள். என்னைப் பழி தீர்க்க வந்தவள் என்று நினைத்தாளோ என்னவோ. ஆறு மாதம் கழித்து ஆள் மூலம் ஒரு வரி சொல்லியனுப்பினாள். கண்டாக்கு வீட்டு வேலைக்கு இப்போது வயதான ஓர் ஆம்பளைதான் போகிறானாம்.

அந்தத் தாய், மகளோடு ராகலையில் இருந்த தன் தம்பியிடம் போய்விட்டாள். அறுபதுகளின் தொடக்கத்தில் நுவரெலியாச் சந்தையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முட்டைக்கோவா மூட்டையை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தோள் அகன்று, நல்ல உயரமாக வளர்ந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டது அவள் முகத்தில் தெரிந்தது. உடனே லொறியின் மறுபக்கம் போய்விட்டாள்.

நான் கூப்பிடவில்லை. அவள் மூட்டை தூக்கும் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.