எழுபது வளைவும் ஒரு சீமைக் காரும்

முதலில் என் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்தது ரேஷன் கடையில் கையெழுத்துப் போட மட்டும்தான். எந்த ரகரம் எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குத் திடமில்லை. தப்பாக ஒரு எழுத்து தெரிந்தால் நீங்களே சரியானதாக மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் டீக்கடையில் என் காரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். மிளகு விலை ஏறின வருசம் எனக்குத் திமிர் பிடித்து, ஊர் பார்க்க வேண்டும் என்று சீமைக் கார் வாங்கினேனாம். ஊர் என்னைப் பார்த்தால் எனக்கு வேர்த்துவிடும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் தாண்ட வேண்டியிருந்தால் காட்டு வழியாகச் சுற்றிப் போகிறவன் நான். கதை தப்பு என்று அவர்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கார் வாங்கியது என் மனைவிக்காக. அவளுக்கு மலைப்பாதை ஆகாது. எங்கள் வீடு கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. கீழே காரவள்ளி போய்ச் சேர எழுபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் உட்கார்ந்து கண்டக்டர் விசில் ஊதினாலே அவளுக்கு வாயில் உமிழ்நீர் ஊறும். எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்த்தாள். புளிப்பு மிட்டாய், இஞ்சி, மருந்துக்கடை மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. வயிற்றில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டால் வாந்தி நிற்கும் என்று ஒருவர் சொன்னார். செய்தித்தாளும் வீணாகப் போனது. என் பழைய ஜீப்பில் போனாலும் அப்படித்தான். நடந்து இறங்கலாம் என்றால் முழங்கால் தேய்ந்துவிட்டது.

அவளுடைய ஒரே தங்கையை மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட என் மனைவி பாதி மலையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பட்டுச்சேலையோடு இறங்கி, அழுதுகொண்டே மேலே திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு தங்கைதான் மேலே வந்து பார்த்துவிட்டுப் போவாள். இந்த வருசம் தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்துவிட்டார்கள். தங்கை போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, நீ வந்து கூறைச்சீல கட்டி உடாம என்ற புள்ள மணவறைக்கு வரமாட்டா. முகூர்த்தம் தவறுனாலும் செரி."

அன்றிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. போக வேண்டும் என்று ஏக்கம், போக முடியாது என்று பயம். ராகிக் களியைக் கிளறிக்கொண்டே, "ஏனுங்க, ஒரு ஊசி போட்டு என்னையத் தூங்க வச்சு, மூட்டையாட்டத் தூக்கிக்கிட்டுப் போயிருங்களேன்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான், மலையில் பங்களா வாங்கியிருக்கும் ஒரு வெளியூர்ப் பெரியவர், செம்மேட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். நீளமான, தரையோடு தரையாக இருக்கும் கார். உள்ளே தோல் சீட்டு, முன்பக்கம் முழுக்க மெருகேற்றின மரம். என் கையில் ஒரு தூக்குப்போசி மோர் இருந்தது. அடிவாரம் வந்து சேர்ந்தபோது ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நான் தூங்கியே போயிருந்தேன். பெரியவரிடம் கேட்கக் கூச்சம். அவர் டிரைவரிடம் கிசுகிசுவென்று கேட்டேன். இங்கிலாந்துக் கார் என்றார். புதிதாக வாங்கினால் ஒரு எஸ்டேட்டை விற்க வேண்டும், பழசானால் நம் ஊர்ச் சின்னக் காரின் விலைக்குக்கூடக் கிடைக்கும் என்றார். ஏன் அப்படி விலை இறங்குகிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கோயமுத்தூரில் பழைய கார்களை வாங்கி விற்கும் இடத்துக்குப் போனேன். தனியாகப் போய் விலை பேச எனக்கு நாக்கு எழாது. அதனால் மனைவியின் சின்ன மாமனைக் கூட்டிக்கொண்டேன். அவர் முள்ளுக்குறிச்சிக்காரர், மாட்டுத் தரகர். தலையில் உருமால், தோளில் பெரிய துண்டு. காரையும் அவர் மாடு பார்ப்பது போலத்தான் பார்த்தார். முதலில் தூர நின்று நிற்பு பார்த்தார். பிறகு முன்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பல் பார்ப்பது போல உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். கொஞ்ச தூரம் நடத்திக் காட்டச் சொன்னார்.

"நடை சுத்தம் மாப்ள. நொண்டல் இல்ல."

அப்புறம், மாட்டுக்கு ராசி சொல்லும் சுழியைப் பார்க்க ஆரம்பித்தார். காருக்கு ஏது சுழி என்று நான் நினைத்தேன். இருந்தது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் பதித்திருந்த மரத்தில் வரிவரியாக, மாட்டு முதுகு மயிர் போலவே சுழன்று கிடந்தது. "டிரைவரு பக்கம் தாமணிச் சுழி. நல்லது" என்றார். இடது பக்கம் போய்க் குனிந்து பார்த்தவர் முகம் சுருங்கியது. "இந்தால பாடைச் சுழி மாப்ள. இந்தச் சீட்டுல மட்டும் ஆரையும் உக்கார உட்டுராத."

காரைக் காட்டிய பையன் டை கட்டியிருந்தான். விலையைச் சொல்ல வாயைத் திறந்தான். மாமன் பதறிப்போய், "பேசப்படாது சாமி" என்று அவன் கையைப் பிடித்துத் தன் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்துச் சந்தையில் விலையைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்துவதுதான் பேச்சு. பிடிக்காதவன் கையை உருவிக்கொள்வான். உருவாவிட்டால் சம்மதம். அந்தப் பையனுக்கு இது எதுவும் தெரியாது. வயதானவர் பிரியமாகக் கையைப் பிடிக்கிறார் என்று நினைத்து மரியாதையாக நின்றான். மாமன் விரல் விரலாக அழுத்தக் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். கையை மட்டும் உருவவில்லை.

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "முடிஞ்சுது. அச்சாரத்தக் குடு மாப்ள."

"என்ன சார் முடிஞ்சுது?" என்றான் பையன்.

மாமன் விலையைச் சொன்னார். பையன் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலையைக் காட்டினான். இரண்டுக்கும் நடுவில் மலையும் அடிவாரமும் போலத் தூரம்.

"கையக் குடுத்துப்போட்டு இப்பப் பேச்சு மாறுனா எப்படி சாமி? மீசை வெக்கற வயசுல இது நல்லதில்ல."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். நான் ஒரு பெரிய வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதலாளி காங்கேயம் பக்கத்துக்காரர். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பையனைப் பார்த்து, "கைய உருவுனியா, இல்லியா?" என்றார். இல்லை என்றான். "அப்பக் குடுத்தது குடுத்ததுதான். சாவிய எடு" என்றார். எங்கள் ஊர் வழக்கத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. சாவியைக் கொடுத்தபோது அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. அது எதற்கு என்று அப்போது புரியவில்லை.

ராசிபுரம் வருவதற்குள் புரிய ஆரம்பித்தது. முன்னால் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அங்கே ஒரு மெக்கானிக் காரைச் சுற்றி வந்தார். முன்பக்கத்தைத் திறந்தார், உடனே மூடினார். கறுப்பு டேப்பை எடுத்து விளக்குகளின் மேல் ஒட்டினார். "இனிமே எரியாதுங்க" என்றார். வேகத்தடை வந்தால் கார் வயிறு தட்டியது. அதனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் மாமன் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் ஏறினார்.

காருக்குள் ஒரு அம்மா இங்கிலீஷில் பேசினாள். எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்கிறாளாம். எனக்குப் புரியாது. ஆனாலும் அவள் குரல் கேட்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, "சரிங்க" என்றேன். கார் ஓட்டிக்கொண்டே வேட்டியை இறக்குவது சுலபமில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒற்றையடிப் பாதைதான். அதனால் கார் ரோட்டோரப் பலாமரத்தடியில் நின்றது. இரண்டாம் நாளே யாரோ அதன் முன்பக்கத்தில் மிளகு காயப் போட்டிருந்தார்கள். வழவழப்பாக, நல்ல சூடாக இருந்ததாம். யாருடைய மிளகு என்று கேட்கக் கூச்சமாக இருந்ததால், மாலையில் நானே கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் இரண்டு பேருடைய மிளகு கிடந்தது.

நல்ல நாள் பார்த்து மனைவியைக் காரில் ஏற்றினேன். மாமனும் வந்து பின்னால் ஏறிக்கொண்டார். அவள் பின் சீட்டில் உட்கார மாட்டேன் என்றாள். இடது பக்கம் முன் சீட்டில் உட்கார்ந்தாள். மேலிருந்து இறங்கினால் முதலில் வருவது எழுபதாவது வளைவு. கார் தொட்டில் போல அசைந்து திரும்பியது. "எப்படி?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. அறுபத்தொன்பதாவது வளைவில் பதில் வந்தது. தோல் சீட்டு, மெருகேற்றின மரம், இங்கிலீஷ் அம்மா பேசும் இடம் எல்லாவற்றின் மேலும் வந்தது.

தொட்டில் போல ஆடுவதுதான் அவளுக்கு இன்னும் மோசம் என்று தெரிந்துபோயிற்று. ஓரமாக நிறுத்திக் காரைக் கழுவிக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது.

பின்னாலிருந்து இறங்கிய மாமன், "அப்பவே சொன்னனல்ல? பாடைச் சுழிக்கு நேரா உக்காந்தா வேற என்ன வரும்?" என்றார்.

"உங்க சுழியக் கொண்டி அடுப்புல வையுங்க மாமா" என்றாள் மனைவி. அப்போது ஒரு பஸ் எங்களைத் தாண்டி இறங்கியது. ஜன்னலில் இரண்டு மூன்று தலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. டிரைவர் ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் வடை. அவள் அந்த வடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, வாந்தி எடுத்த டிரைவர எங்காச்சும் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அத்தன பேரு தொங்கறாங்க. அவன் வடை திங்கறான். அப்ப எடம்தானுங்க காரணம். எனக்கு அந்த எடத்தக் குடுங்க."

அவள் மாடு ஓட்டியிருக்கிறாள். கார் ஓட்டியதில்லை. ஆனால் அந்தக் காருக்குக் கிளட்ச் கிடையாது, கியரும் தானாக மாறிக்கொள்ளும். செம்மேட்டு இ-சேவை மையத்தில் பழகுநர் உரிமம் வாங்கினோம். முழு லைசென்ஸ் வேண்டுமானால் நாமக்கல் போய் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். நாமக்கல் போக முடிந்தால் நாங்கள் ஏன் காரே வாங்குகிறோம்? காரில் சிவப்பு எல் போர்டை ஒட்டினோம். அவள் சந்தை மைதானத்தில் சுற்றினாள். முதல் நாளே, "மிதிச்சாப் போவுது, உட்டா நிக்குது. இதுக்கா இத்தன வருசம் ஆம்பளைங்க அலட்டிக்கிட்டீங்க?" என்றாள். டீக்கடை பெஞ்சு மொத்தமும் மைதானத்துக்கு இடம் மாறியது. நான் கார் சீட்டுக்கு அடியில் குனிந்துகொள்வேன். அவளுக்கு யார் பார்த்தாலும் கவலையில்லை. இரண்டாவது வாரம் மேலே உள்ள பத்து வளைவு இறங்கி ஏறினாள். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் புறப்பட்டோம். சீர்ச் சாமான்களை என் ஜீப்பில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டக்காரர் முன்னால் போய்விட்டார். பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். எனவே பாடைச் சுழிக்கு நேராக நான். பின்னால் மாமன், மடியில் தாம்பாளத்தோடு. மனைவி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை விடாமல் அடித்தாள். இங்கிலீஷ் அம்மா ஏதோ சொல்ல வந்தாள். "நீ சும்மா இரு புள்ள, எனக்குத் தெரியும்" என்றாள்.

பாதி மலையில் எதிரே பஸ் ஏறி வந்தது. இரண்டும் வளைவில் மூக்கோடு மூக்காக நின்றன. பஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்கக்கா, ஏறுற வண்டிக்குத்தானுங்க மொதல்ல வழி உடோணும்!"

"உனக்கு வாந்தி வருதா சாமி?"

"இல்லீங்க."

"அப்பச் சித்தப் பொறு. எனக்கு ரிவர்ஸ் இன்னும் சொல்லிக் குடுக்கல."

பஸ் பின்னால் போனது. பஸ் முழுக்க இருந்த தலைகள் எங்களைப் பார்த்தன. நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். முகத்தை மூடினது தப்பு. ரோடு தெரியாமல் கார் மட்டும் ஆட, எனக்கு வயிறு புரட்டியது. அதற்கப்புறம் வந்த வளைவுகளை நான் பார்க்கவில்லை. அவள் ஒரு கையால் எலுமிச்சம்பழத்தை என் மடியில் போட்டதும், மாமன் "சுழி, சுழி" என்று முனகியதும் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பேளுக்குறிச்சி மண்டபத்து வாசலில் கார் போய் நின்றது. டேப்புக்கு அடியில் எரிய வேண்டியதெல்லாம் எரிந்து, முன்னால் கொஞ்சம் புகை வந்தது, எல்லாம் அணைந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் பின்னால் வழியில்லாமல் நின்றது. என் மனைவி சேலையை உதறிவிட்டு நேராக இறங்கி நின்றாள். தங்கை ஓடிவந்து பின் கதவைத் திறந்து உள்ளே தேடினாள். அங்கே மாமன்தான் இருந்தார்.

"அக்கா எங்க மாமா? படுத்திருக்குதா?"

"இங்க நிக்கறன் பாரு" என்றாள் மனைவி. "பசிக்குது. மொதல்ல சோறு போடு."

மறுநாள் விடியற்காலையில் அவள்தான் பெண்ணுக்குக் கூறைச்சேலை கட்டிவிட்டாள். கொசுவத்தை மூன்று முறை பிரித்துப் பிரித்து வைத்தாளாம். புரோகிதர் அவசரப்படுத்தியும் விடவில்லையாம். நான் பார்க்கவில்லை. மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் மோர் குடித்துப் படுத்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் காரைத் தள்ளி மண்டபத்து வேப்பமரத்தடியில் விட்டார்கள். ராசிபுரம் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சாமான் சீமையிலிருந்து வர வேண்டும், அதன் விலைக்கு இன்னொரு கார் வாங்கலாம் என்றார். இப்போது அங்கே சமையல்காரர்கள் அதில் படுத்துத் தூங்குகிறார்கள். ஆடாமல் நிற்பதால் நல்ல சுகம் என்கிறார்கள்.

நாங்கள் ஜீப்பில் திரும்பினோம். அவள்தான் ஓட்டினாள். ஜீப்புக்குக் கியர் உண்டு. முதல் பத்து வளைவு வரை அது அலறியது. பிறகு அவளுக்குப் படிந்துவிட்டது. நாமக்கல் போய் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். இப்போது சந்தைக்குச் சந்தை தங்கை வீட்டுக்குப் போய் வருகிறாள். என்னையும் கூப்பிடுகிறாள். நான் மிளகு காயப் போட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் போயிருக்கிறாள். சாயங்காலம் வருவாள்.

மாசி மாதம் 12-ஆம் தேதி எழுதியது.