ஓரங்கட்டு மாஸ்டர்

“ஓரங்கட்டுங்க.”

நான் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் அவர் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்துவிடுகிறார். வண்டி முழுதாக நிற்கும் முன்பே கதவு திறந்தாயிற்று. பின்சீட்டில் கிடக்கும் தண்ணீர் தெளிக்கிற குப்பியை எடுத்துக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் கிடங்கு ஒன்றின் சுவரை நோக்கி அரை ஓட்டமாகப் போகிறார். காய்ந்த செங்கல்லில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் பட்டதும் ஒரு ‘சோ’ எழுந்து வருகிறது. அதன் பக்கத்தில் மங்கலாக ஒரு ‘ப்’. என்றைக்கோ எழுதிய சோப்பு விளம்பரம். ஈரம் உலர்வதற்குள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்.

“எடுங்க வண்டிய. கண்ணாடி பாத்து.”

நான் வண்டி பழகும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ஓரங்கட்டு மாஸ்டர் என்று பெயர். அவரிடம் பழகியவர்கள் வளைவில் திணறுவார்கள். ஓரங்கட்டுவதில் மட்டும் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஐம்பதைத் தாண்டியவர். உட்கார்ந்திருந்தாலும் தொடை ஆடிக்கொண்டே இருக்கும். டீயை ஒருநாளும் முழுதாகக் குடித்ததில்லை. சாலையைவிடக் கட்டடங்களின் தோள்பட்டையைத்தான் அதிகம் பார்க்கிறார். பழைய வெள்ளைப் பெயின்ட்டில் ஈயம் கலந்திருப்பதால் செங்கல்லைக் கவ்விக்கொள்ளும், நீலம்தான் முதலில் ஓடிப்போகும் என்பார். மங்கிய எழுத்தின் மேல் புதிதாக எழுதிப் புதுப்பிப்பவர்களைக் கண்டால் ஆகாது. “பொணத்துக்குப் பவுடர் பூசறதும் அதுவும் ஒண்ணுதான் சார்.”

“என்ன கிடைக்குது மாஸ்டர் இதுல?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரியல. நேத்து வரைக்கும் ஒரு கடிகாரக் கடை எழுத்து இருந்துச்சு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். காலையில போறேன், மொத்தமா பச்சை அடிச்சு வச்சிருக்கான்.” அன்று முழுக்க அவர் என்னைத் திட்டவே மறந்துபோனார்.

அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். “எங்க கல்யாண போட்டோ எங்க இருக்குன்னு கேளுங்க, முழிப்பாரு. ஊரான் சுவரு அத்தனையும் கையில வச்சிருக்காரு,” என்று சிரித்தபடிதான் சொன்னார். அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஈரம் இறங்கிப் செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது.

மாஸ்டர் இப்படிப் பிடித்த படங்களில் ஒன்றைப் போன வருடம் இணையத்தில் போட்டதும் அது தீயாய்ப் பற்றிக்கொண்டது. சந்தைத் தெருவில் இரண்டு மாடிக் கட்டடம். பக்கவாட்டுச் சுவர் முழுக்க ஒரு கோட்டு, ஒரு கத்தரிக்கோல், கீழே ஒருவர் பெயர், அதைத் தொடர்ந்து ‘அண்ட் பிரதர்ஸ், முதல்தரத் தையற்காரர்கள்’. அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

போன வாரம் அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று யாரோ போன் செய்தார்கள். பாடம் பாதியில் நின்றது. “சந்தைத் தெருவுக்கு விடுங்க. சீக்கிரம்.” வழியில் மறித்த மூன்று சிவப்பு விளக்குகளையும் அவர் வைதுகொண்டே வந்தார். பெயின்ட்டர்கள் ஏணியோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“சுவரோட ஒட்டி நிறுத்துங்க. இன்னும். இன்னும் ஒட்டி.”

நிறுத்தினேன். ஏணி வைக்க இடமில்லை. பெயின்ட்டர் ஒருவர் கத்த, மாடி ஜன்னல் திறந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் எட்டிப் பார்த்தார். கட்டடம் அவருடையது.

“யாருப்பா அது, வண்டிய எடு.”

மாஸ்டர் கீழே நின்றபடியே பேசினார். சரித்திரம் என்றார், ஊர்ச் சொத்து என்றார், அடித்தால் திரும்ப வராது என்றார். கைகள் நிற்கவே இல்லை. அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, நிதானமாகப் படியிறங்கி வாசலுக்கு வந்தார்.

“அந்த முதல் பேரு எங்கண்ணன். இன்னொரு பிரதர் யாருன்னு தெரியுமா தம்பி?”

மாஸ்டருக்குத் தெரியவில்லை.

“நான்தான். அவரு வாசல்ல நின்னு அளவெடுப்பாரு. வெட்டினது, தைச்சது பூரா உள்ரூம்ல நான். பொம்பள தைக்கிறாள்னு தெரிஞ்சா ஆம்பளைங்க கோட்டு குடுக்க மாட்டாங்களாம். எழுத வந்தவன் தங்கச்சி பேரையும் போடவான்னு கேட்டான். அண்ணன்தான் பிரதர்ஸ்னு போடுன்னாரு. நான் தையல் மெஷின்ல உக்காந்து கேட்டுட்டிருந்தேன்.”

“அம்மா, அதையும் சேத்து நெட்டுல நான் எழுதறேன்...”

“எழுதுங்க, வேணாங்கல. ஆனா ஜன்னலுக்குக் கீழ நின்னு தினமும் ஒருத்தன் சத்தமாப் படிக்கிறான். என்னைப் பாத்தா, அந்தப் பிரதர்ஸ் உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறான். இத்தனை வருஷம் மங்கித்தான் கிடந்துச்சு, நானும் மறந்திருந்தேன். போன வருஷத்துலேருந்துதான் இந்தக் கூட்டம்.”

போன வருடம் என்ன நடந்தது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. மாஸ்டருக்குத் தெரியும். சுவரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். படம் எடுக்கவில்லை.

“பின்னால எடுங்க சார்,” என்றார் என்னிடம். குரல் தாழ்ந்திருந்தது.

எடுத்தேன். பெயின்ட்டர் வாளியோடு ஏறத் தொடங்கினார். அந்த அம்மாள் அண்ணாந்து, “மொதல்ல அந்தப் பிரதர்ஸ்லேருந்து ஆரம்பிப்பா,” என்றார். தரை மேடுபள்ளமாக இருந்ததால் ஏணியின் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடியது.

மாஸ்டர் போய் ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மேலிருந்து சொட்டிய வெள்ளை அவருடைய தோளிலும் தலையிலும் விழுந்தது. அவர் நகரவில்லை.