ஐஸ்பெட்டிக்குள் பனிக்காலம்

எங்கள் ஊர் கிள்ளானில் வெயிலும் மழையும்தான் பருவங்கள். ஆனால் என் மனைவி தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் நான்கு பருவங்களைப் பாடம் நடத்தியவள். அவள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் வசந்தம் என்றால் துலிப் பூ. பணி ஓய்வு பெற்றதும் அந்தப் பூவை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அதற்குள் அவளுடைய சிறுநீரகம் கையை விரித்துவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

அதன்பிறகு நாளை மறுநாளுக்கு அப்பால் அவள் எதையும் பேசுவதில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கலாமா என்றால், "அப்ப பாத்துக்கலாம் லா" என்பாள். அவள் பழையபடி என்னை அதட்டினால் போதும் என்றிருந்தது.

சுங்கை பூலோ நர்சரிக்குப் போய்ப் பத்துத் துலிப் கிழங்குகள் வாங்கி வந்தேன். பார்க்க வெங்காயம் மாதிரியே இருந்தன. ஒரு பனிக்காலத்தைத் தாண்டினால்தான் அவை பூக்குமாம். நம் ஊரில் பனிக்கு எங்கே போவது? மூன்று மாதம் சமையலறை ஐஸ்பெட்டியில் வைக்கச் சொன்னார் நர்சரி ஆன்டி. காகிதப் பையில் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தேன்.

நான் ஐஸ்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், கூடத்திலிருந்து, "அங்க இன்னும் பனிதானா?" என்பாள். கொட்டுகிறது என்பேன். டயாலிசிஸ் முடிந்து வந்த மதியங்களில் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடப்பாள். வெளியே தார் உருகும் வெயில். சில்லென்ற ஒரு கிழங்கை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். தூங்குகிறது என்பாள், தானும் பாதித் தூக்கத்தில். கிழங்கின் குளிர் போகும்வரை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் எங்கள் வீட்டுக் கூடத்திலும் பனி பெய்வதாக எனக்குத் தோன்றும்.

அந்த மாதங்களில் அவளைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பந்திங்கிலிருந்தும் வந்தார்கள், பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? எல்லோர் கையிலும் ஒரு பை நிறைய ஆப்பிள். எனக்கு ஆப்பிள் பிடிக்காது. அவளுக்கு ஒரு துண்டு போதும். மிச்சத்தையெல்லாம் கீழ்த்தட்டில், கிழங்குப் பையைச் சுற்றி அடுக்கினேன்.

மூன்று மாதம் கழித்துத் தொட்டிகளில் நட்டு குளிர் குறையாத ஏர்கோன் அறை ஜன்னலோரம் வைத்தோம். காலையில் மண்மேல் ஐஸ் கட்டி வைப்பது அவள் வேலை. தடித்த இலைகள் வந்தன. தினமும் விரலால் இலைகளை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். மொட்டு வரவே இல்லை. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஒரு கிழங்கைத் தோண்டிக்கொண்டு நர்சரிக்கு ஓடினேன். ஆன்டி அதைக் கத்தியால் பிளந்தார். நடுவில் நெல்மணி அளவில் ஒரு மொட்டு, கருகிப் போயிருந்தது. ஐஸ்பெட்டியில் பழம் ஏதும் வைத்தாயா என்று கேட்டார். பழுக்கும் ஆப்பிள் விடும் மூச்சு பட்டால் கிழங்குக்குள் இருக்கும் பூ செத்துவிடுமாம்.

வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் பிளந்த கிழங்கை அவள் மடியில் வைத்து, பக்கத்தில் ஆப்பிளை அடுக்கி நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அந்தக் கருகிய மொட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முப்பது வருடம் வகுப்பை நடுங்க வைத்த அந்தக் குரல் வந்தது.

"அடுத்த வருஷம் ஆப்பிளெல்லாம் வெளிய வைங்க."

என்ன சொன்னாய் என்று கேட்டேன். மக்கு மாணவனுக்குச் சொல்வதுபோல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடியும் சொன்னாள். எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் கேட்டேன்.