மாப்பிள்ளையின் கட்டைவிரல்

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் கிள்ளானில் என் தம்பிக்குக் கல்யாணம். புதன்கிழமை காலை அவன் வலது கட்டைவிரல் சின்னத் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது!

நகச்சுற்று. வேறென்ன? கல்யாண டென்ஷனில் சரவணன் இரண்டு வாரமாக நகத்தையும் நகத்தோரத் தோலையும் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

கல்யாண வீட்டில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? பெரியம்மா எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் மாட்டிவிட்டார். மாமா மஞ்சளும் சுண்ணாம்பும் பூசச் சொன்னார். எதிர்வீட்டு அங்கிள், "ஊசிய நெருப்புல காட்டி நாமளே குத்திடலாம் லா" என்றார். சரவணன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

என்ன நோய் என்று கேட்கத்தான் ஆளில்லை. மருந்து சொல்ல ஊரே இருக்கிறது!

வியாழக்கிழமை விரல் விண்விண்ணென்று தெறித்தது. நகத்தோரம் மஞ்சள் பூத்துவிட்டது.

"அக்கா... இந்த விரல வச்சிக்கிட்டு எப்படிக்கா தாலி கட்டுறது? தேதிய மாத்திடலாமா?"

மண்டபம் பிடித்தாயிற்று, எண்ணூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று. அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். காரை பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குக்கு விரட்டினேன்.

டாக்டரம்மா எலுமிச்சம்பழத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "எத்தனை நாளா வலி? காய்ச்சல் இருக்கா? சுகர் இருக்கா? நகம் கடிப்பீங்களா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொன்னேன்.

நகத்தோரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். "கடிச்ச இடத்துல கிருமி போயிருக்கு. சீழ் கட்டிடுச்சு. வெளிய எடுத்தாத்தான் வலி அடங்கும்."

மரத்துப்போக ஊசி போட்டார். மாப்பிள்ளை என் கையை நசுக்கிய நசுக்கலில் அடுத்த பேஷன்ட் நான்தான் என்று நினைத்தேன். நகத்தோரம் சின்னதாக ஒரு கீறல். சீழ் வெளியே வந்தது.

"அவ்வளவுதானா டாக்டர்?"

"அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் முழுசா முடிக்கணும். தினம் மூணு, நாலு தடவ வெதுவெதுப்பான தண்ணியில விரல வைங்க. வாயில வைக்காதீங்க!"

ஞாயிற்றுக்கிழமை வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. விரலில் சின்னக் கட்டு மட்டும். முதல் முடிச்சு அவனுடையது. மற்ற இரண்டும் நாத்தனாரான என்னுடையவை. கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை மழையாகக் கொட்டுகிறது... கட்டுப்போட்ட விரலில் மஞ்சள் கயிறு சிக்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது.

குனிந்த தலை நிமிராமல் கல்யாணப் பெண் சொன்னாள்:

"மெதுவா கட்டுங்க... நான் எங்கயும் ஓடிட மாட்டேன் லா!"